கணவன், மனைவி, காகிதம்: தமிழர் பயண ஆவணங்களின் வரலாறு

வெளிநாட்டில் இருக்கும் கணவனையோ மனைவியையோ பார்த்துவர வருகையாளர் விசா கேட்பவர் மூன்று செய்திகளை மெய்ப்பிக்க வேண்டியிருக்கிறது. விண்ணப்பிப்பவர் இன்னார்தான் என்பது முதலாவது. அழைப்பவரோடு அவருக்கு உள்ள உறவு உண்மையானது என்பது இரண்டாவது. பார்த்துவிட்டு ஊர் திரும்புவார் என்பது மூன்றாவது. பாஸ்போர்ட், திருமணச் சான்றிதழ், வங்கிக் கணக்கு விவரம், நிலப் பத்திரம், அழைப்புக் கடிதம் என்று கோப்பில் சேரும் ஒவ்வொரு தாளும் இம்மூன்றில் ஒன்றுக்காகவே சேர்கிறது.

இம்மூன்று கேள்விகளும் ஒரே காலத்தில் எழுந்தவை அல்ல. ஆள் அடையாளத்தைக் கேட்டது ஒப்பந்தக் கூலிக் கப்பல்களின் காலம். உறவுக்குச் சான்று கேட்டவை தென்னாப்பிரிக்காவின் நீதிமன்றமும் இலங்கையின் குடியுரிமைச் சட்டமும். திரும்பி வருவதற்கு உத்தரவாதம் கேட்கும் வழக்கம் தமிழர்களை வந்தடைந்தது 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில். தேனி மாவட்டத்தின் மலையடிவார ஊரான தேவாரத்தில் இவற்றுக்கு முந்தைய நிலையையும் காணலாம். அங்கே மலைக்கு அப்பால் இருப்பது இன்னொரு மாநிலம். ஆனாலும் அந்த எல்லையைக் கடக்கக் கணவனிடமும் மனைவியிடமும் வழக்கமாக யாரும் தாள் கேட்டதில்லை.

மெட்டு ஏறியவர்கள்

தேவாரம் உத்தமபாளையம் வட்டத்தில், போடிநாயக்கனூருக்கும் கம்பத்துக்கும் இடையே அமைந்த பேரூர். மேற்கே செங்குத்தாக எழும் மலையின் மேல்விளிம்பில் கேரளத்தின் உடும்பன்சோலைப் பகுதி தொடங்குகிறது. போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி ஆகிய மூன்று வழிகளில் வாகனச் சாலை உண்டு. தேவாரத்துக்காரர்களுக்கு நேர்வழி சாக்கலூத்து மெட்டுக்கு ஏறும் மலைப்பாதை. அதைச் சாலையாக்க வேண்டும் என்பது ஊரின் நெடுநாள் கோரிக்கை.

இந்திய விடுதலைக்கு முன் இது இரு வேறு ஆட்சிகளின் எல்லை. கீழே சென்னை மாகாணத்தின் மதுரை மாவட்டம். மேலே திருவிதாங்கூர் சமஸ்தானம். மலையில் விளைந்த ஏலக்காய் 1896 வரை சமஸ்தானத்தின் ஏகபோகம். விளைவித்தவர் அதை அரசுக் கிடங்கில் ஒப்படைத்துத் தம் பங்கைப் பெற்றார். கணவாய்கள் வழியே ஏலக்காய் கள்ளத்தனமாக மதுரைப் பக்கம் இறங்கிவிடாமல் காவல் இருந்தது. சோதனை மூட்டைக்குத்தான், ஆளுக்கு இல்லை. தோட்ட வேலைக்கு ஏறிய ஆணும் பெண்ணும் யார், இருவரும் என்ன உறவு என்பது வேலையாட்களை மேற்பார்த்த கங்காணிக்குத் தெரிந்தால் போதுமானதாக இருந்தது.

1956 நவம்பர் 1 அன்று மாநிலங்கள் மொழிவாரியாகத் திருத்தியமைக்கப்பட்டபோது தமிழர் மிகுந்திருந்த தேவிகுளம், பீர்மேடு பகுதிகள் கேரளத்தோடு போயின. எல்லையின் பெயர் மாறியதே தவிர ஏற்ற இறக்கம் நிற்கவில்லை. அடிவாரத்து ஊர்களில் வீடும் மலைமேல் ஏலத்தோட்டமும் வைத்திருக்கும் குடும்பங்கள் இன்றும் பல. அடிவாரத்திலிருந்து விடியற்காலை ஜீப்பில் தோட்டத்துக்கு ஏறி மாலையில் இறங்கும் தொழிலாளர்கள் அதைவிடப் பல மடங்கு. மலைமேலும் கீழுமாகப் பெண் கொடுத்துப் பெண் எடுத்தார்கள். அத்தகைய மணங்களுக்கு ஊரும் உறவும் சாட்சி நின்றன. பதிவேட்டுக்குத் தேவை எழவில்லை. கடல் தாண்டிப் போனபோதுதான் ஊர் அறிந்த மணத்தை ஊர் அறியாதவருக்கு மெய்ப்பிக்கும் நிலை வந்தது.

கப்பல் பட்டியலும் கேப் வழக்கும்

தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிய முதல் கப்பலான ‘ட்ரூரோ’ சென்னையிலிருந்து புறப்பட்டு 1860 நவம்பர் 16 அன்று டர்பன் துறைமுகத்தை அடைந்தது. 1911 வரை சுமார் 1,52,000 பேர் அங்கே போனார்கள். அவர்களில் பெரும்பகுதியினர் சென்னைத் துறைமுகம் வழியாகச் சென்றவர்கள். ஒவ்வொரு கப்பலுக்கும் ஒரு பட்டியல் எழுதப்பட்டது. எண், பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடலில் உள்ள மச்சம் அல்லது தழும்பு ஆகியவை அதில் வரிசையாக இருக்கும். பாஸ்போர்ட் என்ற வழக்கமே பரவாத காலத்தில் ஒரு தமிழ்த் தொழிலாளிக்கு இருந்த பயண அடையாளம் இதுதான்.

100 ஆண்களுக்கு 40 பெண்கள் ஏற வேண்டும் என்பது ஒப்பந்தக் கூலி முறையின் விதி. ஆகவே கப்பலில் தம்பதியரும் இருந்தனர், தனித்துப் போன பெண்களும் இருந்தனர். நேட்டால் அரசு 1891இல் இயற்றிய இந்தியக் குடியேற்றச் சட்டத்தில், ஒப்பந்தக் கூலிகளின் மணங்களை இந்தியக் குடியேறிகளின் காப்பாளர் அலுவலகத்தில் பதிவுசெய்ய வழி வைத்தது. சொந்தச் செலவில் போன வணிகர்களின் நிலை வேறு. 1897ஆம் ஆண்டின் குடியேற்றக் கட்டுப்பாட்டுச் சட்டம் ஐரோப்பிய மொழி ஒன்றில் எழுதத் தெரியாதவர்களைத் தடுத்தது. நுழையத் தகுதி உள்ளவரின் மனைவிக்கும் மைனர் பிள்ளைகளுக்கும் மட்டும் விலக்கு அளித்தது. இந்த விலக்குதான் மனைவி என்பதற்குச் சான்று எது என்ற கேள்வியைச் சட்டத்துக்குள் கொண்டுவந்தது.

விடை 1913 மார்ச் 14 அன்று தென்னாப்பிரிக்காவின் கேப் மாகாண உயர் நீதிமன்றத்தில் வந்தது. போர்ட் எலிசபெத்தில் வாழ்ந்த ஹசன் எசோப் என்பவரின் மனைவி பாய் மரியம் இந்தியாவிலிருந்து வந்தபோது நுழைவு மறுக்கப்பட்டது. வழக்கை விசாரித்த நீதிபதி சர்ல், பலதார மணத்துக்கு இடம் தரும் மதச் சடங்குப்படி நடந்த திருமணத்தை அந்நாட்டுச் சட்டம் ஏற்காது என்று தீர்ப்பளித்தார். அதன்படி பார்த்தால், கிறித்தவ முறையிலோ பதிவு முறையிலோ நடக்காத இந்தியத் திருமணங்கள் அனைத்தும் குடியேற்றச் சட்டத்தின் முன் செல்லாதவை ஆயின. தாலி கட்டிய மனைவிக்கும் நுழைவு கேட்கும் உரிமை இல்லாமல் போனது.

காந்தி தலைமையில் அதுவரை ஆண்களின் போராட்டமாக இருந்த சத்தியாகிரகத்தில் பெண்கள் இறங்கியது இதற்குப் பிறகுதான். 1913 செப்டம்பரில் காந்தியின் மனைவி கஸ்தூரிபாய் உள்ளிட்ட ஃபீனிக்ஸ் குடியிருப்புக் குழுவினர் எல்லை தாண்டிக் கைதானார்கள். காந்தி நிறுவிய டால்ஸ்டாய் பண்ணையைச் சேர்ந்த பெண்கள், பெரும்பாலும் தமிழர்கள், டிரான்ஸ்வாலிலிருந்து நேட்டாலுக்குள் வந்து நியூகாசில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களை வேலைநிறுத்தத்துக்கு அழைத்தார்கள்; அக்டோபரில் மூன்று மாதக் கடுங்காவல் தண்டனை பெற்றார்கள். தஞ்சைத் தரணியின் தில்லையாடியைப் பூர்வீகமாகக் கொண்ட வள்ளியம்மை சிறையில் நோயுற்று, விடுதலையான சில நாட்களில், 1914 பிப்ரவரி 22 அன்று இறந்தார். ஒப்பந்தம் முடிந்த கூலிகள் மீதான மூன்று பவுன் தலைவரியை எதிர்த்தவராகவே அவரைத் தமிழ்நாடு நினைவில் வைத்திருக்கிறது. திருமணத்துக்குச் சான்று என்ற சிக்கலும் அதே போராட்டத்தின் காரணங்களில் ஒன்று.

1914ஆம் ஆண்டின் இந்தியர் நிவாரணச் சட்டம் நான்கு முடிவுகளைத் தந்தது. தலைவரி ஒழிந்தது. ஒருவருக்கு ஒரு மனைவி என்ற அளவில் இந்தியத் திருமணங்கள் ஏற்கப்பட்டன. ஏற்கெனவே நடந்த மணங்களைப் பதிவுசெய்யவும் வழி பிறந்தது. உரியவரின் பெருவிரல் ரேகை பதிந்த குடியிருப்புச் சான்றிதழ் நேட்டாலில் நுழைவதற்குப் போதுமான சான்று என்றும் ஆனது. இன்றைய விசா மையத்தில் கேட்கப்படும் திருமணச் சான்றிதழும் விரல் ரேகையும் தமிழர் பயண வரலாற்றில் சேர்ந்து தோன்றிய இடம் இந்தச் சட்டமே.

இலங்கை: துண்டிலிருந்து பாஸ்போர்ட்டுக்கு

இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன தமிழர்களுக்கு நீண்ட காலம் பாஸ்போர்ட் வேண்டியிருக்கவில்லை. கங்காணி ஊருக்கு வந்து ஆள் திரட்டினார். தொழிலாளியின் கடன் கணக்கைக் காட்டும் ‘துண்டு’ தோட்டத்துக்குத் தோட்டம் அவரோடு போனது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தகரச் சீட்டு முறை வந்தது. தோட்டத்தின் எண் பொறித்த உலோக வில்லையைக் கயிற்றில் கோத்து அணிந்தவர் வழிச்செலவு இல்லாமல் தோட்டம் வரை போகலாம். செலவு தோட்டத்தின் கணக்கில் ஏறும். 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் போக்குவரத்து தொடங்கியபின் மண்டபம் முகாம் வழியாகப் பயணம் நடந்தது. அங்கே நடந்த சோதனை நோய்த் தடுப்புக்கானது. கணவன் மனைவி என்று சொன்னவர்களைக் கங்காணியின் கணக்கு அப்படியே ஏற்றுக்கொண்டது.

இந்த எளிமை 1948, 1949ஆம் ஆண்டுகளில் முடிந்தது. இலங்கை விடுதலை பெற்ற கையோடு குடியுரிமைச் சட்டமும் குடிவரவு, குடியகல்வுச் சட்டமும் இயற்றப்பட்டன. 1949ஆம் ஆண்டின் இந்திய, பாகிஸ்தானியக் குடியிருப்பாளர் சட்டப்படி குடியுரிமை கோருபவர், மணமானவராக இருந்தால் 7 ஆண்டும் மணமாகாதவராக இருந்தால் 10 ஆண்டும் இலங்கையில் தொடர்ந்து வசித்ததைக் காட்ட வேண்டும். மனைவியும் மைனர் பிள்ளைகளும் அங்கேயே வசித்ததற்கும் சான்று வேண்டும். ஒரே தடவையில் 12 மாதங்களுக்கு மேல் வெளியே இருந்தால் தொடர்ச்சி அறுந்துவிடும்.

தமிழ்க் குடும்பங்களின் வாழ்க்கையோடு இந்த விதி நேராக மோதியது. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போவதும், வயதானவர்களைப் பார்த்துக்கொள்ள மனைவி ஊரில் தங்குவதும், பிள்ளைகளை ஊரில் படிக்க விடுவதும் வழக்கமாக இருந்தவை. அவையே மனைவி இலங்கையில் நிலையாக வாழவில்லை என்பதற்குச் சாட்சியாக மாறின. தோட்டத்தின் சம்பளப் பதிவேடு, பிள்ளைகளின் பிறப்புப் பதிவு, பள்ளிச் சான்று என்று எதையும் சேர்த்துவைக்கும் பழக்கம் இல்லாத குடும்பங்கள் திடீரென்று பல ஆண்டுக் காகிதங்களைத் தேட வேண்டியதாயிற்று. சுமார் 8,25,000 பேருக்காக விண்ணப்பங்கள் குவிந்தன. ஏற்கப்பட்டவர்கள் அவர்களில் சிறு பகுதியினரே.

1964 அக்டோபர் 30 அன்று சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்த உடன்படிக்கை 9,75,000 நாடற்றவர்களைப் பங்கிட்டது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மீதி 1,50,000 பேரை 1974 உடன்படிக்கை இரு நாடுகளுக்கும் சரிபாதியாகப் பிரித்தது. கண்டியிலிருந்த இந்திய உதவித் தூதரகத்தில் வரிசையில் நின்று பாஸ்போர்ட் பெற்ற குடும்பங்கள் ராமேஸ்வரம் வழியாக மண்டபம் வந்து சேர்ந்தன. ஒருவர் இந்தியக் குடியுரிமையும் துணைவர் இலங்கைக் குடியுரிமையும் பெற்ற வீடுகளும் இருந்தன. கடலின் இருபுறமும் வாழ்க்கைத்துணையைப் பார்க்க விசா வேண்டியவர்களாக அவர்கள் ஆனார்கள். ராமேஸ்வரம், தலைமன்னார் கப்பலும் 1984இல் நின்றுபோனது.

பர்மாவிலும் மலாயாவிலும் நடந்தது இதன் வேறு வடிவம். 1941ஆம் ஆண்டின் இந்திய, பர்மியக் குடியேற்ற உடன்பாடு இந்தியர்களுக்குப் பாஸ்போர்ட்டையும் விசாவையும் கட்டாயமாக்க முனைந்தது. அதை இரண்டாம் உலகப் போர் முந்திக்கொண்டது. மலாயாவுக்குக் கூலிகளை உதவித்தொகையுடன் அனுப்புவதை இந்திய அரசு 1938இல் தடைசெய்தது. 1953இல் நடைமுறைக்கு வந்த மலாயாவின் குடிவரவுச் சட்டம் புதியவர்களின் நுழைவைச் சுருக்கியது. அதன்பின் ஊரிலிருந்து அங்கே போக விரும்பிய பெண்ணுக்கு அங்குள்ளவரின் மனைவி என்ற தகுதியே முக்கியமான வழியாக இருந்தது.

ஊரில் பிறந்த சான்றிதழ்கள்

வெளிநாடுகள் கேட்ட சான்றுகளை வழங்கும் அமைப்பு தமிழ்நாட்டில் மெதுவாகவே உருவானது. 1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டம் பதிவுக்கு இடம் தந்தது. ஆனால் பதிவில்லாத மணமும் செல்லும் என்றது. சுயமரியாதைத் திருமணம் செய்தவர்களுக்கு இன்னொரு சிக்கல். புரோகிதரும் அக்கினியும் இல்லாத அத்தகைய மணங்கள் செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 1953இல் தீர்ப்பளித்திருந்தது. அண்ணா தலைமையிலான அரசு 1967இல் கொண்டுவந்த திருத்தம், உறவினர், நண்பர் முன்னிலையில் மாலை மாற்றியோ மோதிரம் அணிவித்தோ தாலி கட்டியோ செய்யும் மணத்தைச் செல்லத்தக்கதாக்கியது. அதற்கு முன் நடந்த சுயமரியாதை மணங்களுக்கும் அது பொருந்தும். இதனால் அந்தத் தம்பதியரும் சட்டத்தின் கண்ணில் கணவன் மனைவி ஆனார்கள்.

அதே 1967 பாஸ்போர்ட்டின் வரலாற்றிலும் முக்கியமான ஆண்டு. வெளிநாட்டுப் பயணம் தனிமனித உரிமையில் அடங்கும் என்று சத்வந்த் சிங் சாஹ்னி வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏப்ரல் மாதம் கூற, ஜூன் மாதம் பாஸ்போர்ட் சட்டம் வந்தது. பிரிட்டிஷ் இந்தியப் பாஸ்போர்ட்டில் கணவனின் படத்துக்குப் பக்கத்தில் மனைவியின் படத்துக்கும் இடம் இருந்தது. ஒரே புத்தகத்தில் இருவரும் பயணம் செய்யலாம். பின்னாளில் ஆளுக்கொரு புத்தகம் என்றானது. இந்தியப் பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் வாழ்க்கைத்துணையின் பெயர் அச்சாவது அந்தப் பழைய முறையை நினைவூட்டுகிறது. 2016 டிசம்பரில் விதிகள் எளிதாக்கப்பட்டபின் பாஸ்போர்ட் பெறத் திருமணச் சான்றிதழ் தேவையில்லை. விசாவுக்கு அது தேவைப்படுவது மட்டும் மாறவில்லை.

பதிவைக் கட்டாயமாக்கியது உச்ச நீதிமன்றம். சீமா எதிர் அஸ்வனி குமார் வழக்கில் 2006 பிப்ரவரி 14 அன்று, எல்லா மதத்தினரின் திருமணங்களும் பதிவாக வேண்டும் என்று அது ஆணையிட்டது. அதையொட்டி வந்த தமிழ்நாடு திருமணங்கள் பதிவுச் சட்டம் 2009 நவம்பர் 24 முதல் நடைமுறையில் உள்ளது. சார்பதிவாளர் அலுவலகத்தில் தம்பதியர் கொடுக்கும் தாள்களில் கல்யாணப் பத்திரிகையும் ஒன்று. இன்னார் மகன், இன்னார் பேத்தி, முகூர்த்த நாள், நேரம், மண்டபம் என்று ஊரை அழைக்க அச்சடித்த தாள், இங்கே அரசுப் பதிவுக்கு ஆதாரமாகிறது. மொய் நோட்டுக்கு அந்த யோகம் இல்லை. மணத்துக்கு வந்தவர்கள் யார் என்பதைப் பெயரும் ஊரும் தொகையுமாகச் சொல்லும் முழுமையான பதிவு அதுதான் என்றாலும் எந்த அலுவலகமும் அதைக் கேட்பதில்லை.

சான்றளிப்பவர்களும் மாறினார்கள். கர்ணமும் முன்சீப்பும் கையெழுத்திட்ட காலம் 1980இல் அப்பதவிகள் ஒழிக்கப்பட்டதோடு முடிந்து, கிராம நிர்வாக அலுவலர் வந்தார். நகலுக்கு அரசிதழ்ப் பதிவு பெற்ற அதிகாரியின் பச்சை மைக் கையெழுத்து தேடி அலைந்த காலம் போய், சுய சான்றொப்பம் வந்தது. வெளிநாட்டில் காட்ட வேண்டிய சான்றிதழுக்கு 2005 ஜூலை முதல் அப்போஸ்டில் என்ற பன்னாட்டு உடன்படிக்கையின் முத்திரை கிடைக்கிறது. அந்த உடன்படிக்கையில் சேராத ஐக்கிய அரபு அமீரகம் போன்ற நாடுகளுக்கு மாநில அரசு, வெளியுறவு அமைச்சகம், அந்நாட்டுத் தூதரகம் என்று படிப்படியாக முத்திரை வாங்க வேண்டும்.

உறவிலிருந்து திரும்புதலுக்கு

உறவைச் சோதிப்பதிலிருந்து திரும்புதலைச் சோதிப்பதற்கு விசா முறை நகர்ந்ததைப் பிரிட்டனின் வரலாறு காட்டுகிறது. 1962 வரை காமன்வெல்த் குடிமக்கள் தடையின்றி அங்கே போனார்கள். அவ்வாண்டின் சட்டம் வேலைக்குப் போவோரைக் கட்டுப்படுத்தியது. 1969இல், குடும்பத்தோடு சேரப் போகும் மனைவி மக்கள் புறப்படும் முன்பே நுழைவுச் சான்று பெறுவது கட்டாயமானது. சந்தேகம் எல்லை மீறிய நிகழ்வும் உண்டு. 1979 ஜனவரியில் திருமணத்துக்காக லண்டன் ஹீத்ரு விமான நிலையத்தில் வந்திறங்கிய ஓர் இந்தியப் பெண்ணுக்கு அதிகாரிகள் கன்னித்தன்மைப் பரிசோதனை நடத்தினர். அது செய்தியானதும் இரு நாடுகளிலும் எதிர்ப்பு எழுந்தது. அந்த வழக்கம் நிறுத்தப்பட்டது.

சுற்றிப் பார்க்கவோ குடும்பத்தைப் பார்க்கவோ போகும் இந்தியர்களுக்கு அப்போது விசா தேவைப்படவில்லை. கையில் கடிதங்களோடு விமானத்தில் இறங்கி, அங்குள்ள அதிகாரிக்குப் பதில் சொன்னால் போதும். இலங்கையில் 1983இல் தமிழர்கள் மீது நடந்த வன்முறைக்குப் பின் அவர்கள் அடைக்கலம் தேடி வரத் தொடங்கியதும் பிரிட்டன் 1985 மே மாதம் இலங்கையர்களுக்கு விசாவைக் கட்டாயமாக்கியது. காமன்வெல்த் நாடொன்றுக்கு அது விதித்த முதல் விசா அதுவே. இந்தியர்களுக்கு 1986இல் வந்தது. விமான நிலையத்தில் வாய்மொழியாகச் சொல்லப்பட்ட பதில்கள் அன்றிலிருந்து புறப்படும் ஊரிலேயே தாளாகக் கொடுக்கப்பட வேண்டியவை ஆயின.

மறுக்கப்பட்டவர் மேல்முறையீடு செய்யும் உரிமையும் ஏறி இறங்கியது. வருகையாளர்களின் மேல்முறையீட்டை 1993ஆம் ஆண்டின் சட்டம் எடுத்தது. குடும்பத்தைப் பார்க்க வருவோருக்கு அது 2000இல் திரும்பக் கிடைத்து, 2013 ஜூனில் மறுபடி போனது. வாதாட வாய்ப்பு இல்லாத இடத்தில் முதல் தடவை கொடுக்கும் கோப்பே கடைசி வாதமாகிவிடுகிறது. துணை ஆவணங்கள் பெருத்ததற்கு இது ஒரு காரணம்.

அமெரிக்காவின் 1952ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டத்தின் 214(பி) பிரிவு இன்னும் நேரடியானது. விசா கேட்பவர் அங்கேயே தங்கிவிட எண்ணுகிறவர் என்றே அது கருதிக்கொள்ளும். அப்படி இல்லை என்று காட்டுவது விண்ணப்பிப்பவரின் பொறுப்பு. சென்னை அண்ணா மேம்பாலத்துக்கு அருகிலுள்ள துணைத் தூதரகத்தில் நடக்கும் சில நிமிட நேர்காணலில், கோப்பைத் திறக்காமலேயே முடிவு சொல்லப்படுவதும் உண்டு. ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகள் தாளையே நம்புகின்றன. அங்கே குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடும் சேர வேண்டும். சிங்கப்பூர், அந்நாட்டுக் குடிமகனோ நிரந்தரவாசியோ தரும் அறிமுகக் கடிதத்தைக் கேட்கிறது. அங்கே வேலை அனுமதியில் மட்டும் இருக்கும் கணவர் மனைவியை அழைக்க, அந்தத் தகுதியுள்ள இன்னொருவரை நாட வேண்டியிருக்கும்.

மலையடிவாரத்துக் கோப்பு

நகரத்துச் சம்பளக்காரரின் கோப்பு எளிது. சம்பளச் சீட்டு, விடுப்புக் கடிதம், வருமான வரிக் கணக்கு ஆகியவை ஊர் திரும்ப வேண்டிய காரணத்தைச் சொல்லிவிடும். தேவாரத்திலிருந்து விண்ணப்பிக்கும் ஏலத்தோட்டக் குடும்பத்தின் கோப்புக்கு விளக்கம் வேண்டும்.

முதலாவது வருமானம். ஏலக்காய் ஆடி, ஆவணி தொடங்கித் தை, மாசி வரை பல சுற்றுகளாக எடுக்கப்படுகிறது. காய் உலர்த்திப் போடிநாயக்கனூர் ஏலத்துக்குப் போனபின் பணம் மொத்தமாக வங்கியில் ஏறும். கோடையில் கணக்கு வறண்டுகிடக்கும். ஆறு மாதக் கணக்கு விவரத்தைப் பார்க்கும் வெளிநாட்டு அதிகாரிக்கு, திடீரென்று ஏறிய பெருந்தொகை விசாவுக்காகக் கடன் வாங்கிக் காட்டிய பணம்போலத் தெரியக்கூடும். ஏல விற்பனைச் சீட்டையும் தோட்டப் பதிவுச் சான்றையும் அந்தந்த வரவுக்கு நேரே வைத்தால் ஐயம் தீரும்.

இரண்டாவது நிலம். கீழே உள்ள நிலத்துக்குத் தமிழ்நாட்டுப் பட்டா, சிட்டா, அடங்கல். மேலே உள்ள தோட்டத்துக்குக் கேரள வருவாய்த் துறையின் வரி ரசீது. அது மலையாளத்தில் இருக்கும். பல வீடுகளில் நிலம் இன்னும் தாத்தா பெயரிலோ மாமனார் பெயரிலோ இருக்கிறது. அப்போது வாரிசுச் சான்றும் வேண்டும். தமிழிலும் மலையாளத்திலும் உள்ள தாள்களுக்குச் சான்றளித்த ஆங்கில மொழிபெயர்ப்பு இல்லாவிட்டால் பிரிட்டன் போன்ற நாடுகள் அவற்றைக் கணக்கில் எடுப்பதில்லை.

மூன்றாவது பெயர். பெரும்பாலான தமிழர்களுக்குக் குடும்பப் பெயர் இல்லை, தலைப்பெழுத்து உண்டு. பெண்ணின் பள்ளிச் சான்றில் தந்தையின் தலைப்பெழுத்து, ஆதாரில் கணவனுடையது, பாஸ்போர்ட்டில் தந்தை பெயரோ கணவன் பெயரோ குடும்பப் பெயரின் கட்டத்தில். ஆங்கில எழுத்துக்கூட்டலும் ஆவணத்துக்கு ஆவணம் மாறும். ஒரே பெண் மூன்று தாள்களில் மூன்று பெயரோடு இருப்பதை, அவர் ஒருவரே என்று நோட்டரி முன் எழுதிய உறுதிமொழிப் பத்திரம் இணைக்கிறது. தலைப்பெழுத்துக்கும் குடும்பப் பெயருக்கும் உள்ள இந்த வேறுபாடு விசா விண்ணப்பங்களில் தமிழ்நாட்டுக்காரர்களைத் தனியாகத் துரத்தும் தொல்லை.

நான்காவது உறவு. பதிவுச் சான்றிதழோடு திருமணப் படம், தொடர்பில் இருப்பதைக் காட்டும் பண அனுப்பீட்டு விவரம், முந்தைய பயண முத்திரைகள் ஆகியவை சேரும். அழைப்பவர் தரப்பிலிருந்து அழைப்புக் கடிதம், குடியிருப்பு அனுமதியின் நகல், வாடகை ஒப்பந்தம், சம்பளச் சான்று வர வேண்டும். மேலைநாட்டு விதிகள் மணம் செய்யாமல் சேர்ந்து வாழும் இணையரையும் ஏற்கின்றன. ஆனால் கூட்டு வங்கிக் கணக்கு, ஒரே முகவரிக்கு வந்த கடிதங்கள் போன்ற சான்றுகளைக் கேட்கின்றன. கூட்டுக் கணக்கு வைக்கும் பழக்கம் குறைவான ஊர்களில் மணமான தம்பதியருக்குக்கூட அவை எளிதில் கிடைப்பதில்லை.

மெட்டில் தாள் கேட்ட ஆண்டு

தாள் கேட்காத மலை எல்லையும் ஒரே ஒரு காலத்தில் தாள் கேட்டது. 2020 மார்ச் இறுதியில் கொரோனா முடக்கம் வந்தபோது போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளிச் சாவடிகள் அடைபட்டன. பின்னர் இ-பாஸ் முறை வந்தது. திருமணம், இறப்பு, அவசர மருத்துவம் ஆகிய காரணங்களுக்கே முதலில் அனுமதி. திருமணத்துக்குக் கல்யாணப் பத்திரிகையைப் பதிவேற்ற வேண்டும். தோட்டம் ஒரு மாநிலத்திலும் வீடு மற்றொரு மாநிலத்திலும் இருந்தவர்கள் தம் தோட்டத்துக்கே அனுமதி கேட்டு விண்ணப்பித்தார்கள். வடக்கே உடுமலை, மறையூர் சாலையில் உள்ள சின்னாறு சோதனைச் சாவடியில், ஒருவர் தமிழ்நாட்டவரும் மற்றவர் கேரளத்தவருமான மணமக்கள் நடுச்சாலையில் நின்று திருமணம் முடித்துக்கொண்ட நிகழ்ச்சிகள் அந்த ஜூன் மாதம் நடந்தன. நோய் தணிந்ததும் அந்த விதிகள் விலகின. ஜீப்புகள் பழையபடி ஏறி இறங்கின.

கடல் கடந்த எல்லைகளில் இத்தகைய விலகல் அரிது எனலாம். 1913இல் மனைவி என்பதற்குக் கேட்ட சான்றும், 1949இல் ஒரே இடத்தில் வாழ்ந்ததற்குக் கேட்ட சான்றும், 1986க்குப் பின் ஊர் திரும்புவதற்குக் கேட்ட சான்றும் இன்று ஒரே கோப்பில் சேர்ந்து கிடக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை நினைத்த நாளில் வாங்கக்கூடியவை அல்ல. பல ஆண்டு வாழ்க்கையிலிருந்து சேர வேண்டியவை. காலத்தோடு செய்தால் செலவும் அலைச்சலும் குறைவான முதல் தாள் திருமணப் பதிவுதான். 2009ஆம் ஆண்டின் சட்டப்படி மணமான 90 நாட்களுக்குள் அதைச் செய்ய வேண்டும்; தவறினால் கூடுதல் கட்டணத்தோடு மேலும் 60 நாட்கள் அவகாசம் உண்டு.